ஒரு சொட்டு பாக்கி

சரியாகப் பத்தேகாலுக்குக் கைக்குட்டையை நான்காக மடித்து, மைப்பெட்டிக்கும் டோக்கன் குத்தும் கம்பிக்கும் நடுவே வைக்கிறார். பத்தரைக்கு வரிசையின் முதல் ஆள் வாயைத் திறக்கிறார். பத்து முப்பத்து நான்குக்கெல்லாம் கைக்குட்டை வேலையைத் தொடங்கிவிடுகிறது.

குடிநீர் வழங்கல் அலுவலகத்தின் புகார்ப் பிரிவில் மூன்றாம் ஜன்னலில் இருப்பவர், புகார் சொல்ல வருகிறவர்களுக்காக அழுகிறார். இதில் ரகசியம் ஒன்றுமில்லை. வரிசையில் நிற்கும் அத்தனை பேருக்கும் தெரியும். வதந்தி வேறு. அவர் மேஜை இழுப்பறையில் வெங்காயம் இருக்கிறது என்பதுதான் வதந்தி. பாதி வெங்காயம் என்றார் ஒருவர். இல்லை, தினமும் காலையில் புதிதாக நறுக்கிக் கொண்டுவருகிறார் என்றார் இன்னொருவர். தலைவலித் தைலம் என்பவர்கள் தனிக் கட்சி. "என் கண்ணால பாத்தேன், சின்னக் குப்பி, தலைய அண்ணாந்து கண்ணுல ஊத்திக்கிட்டாரு" என்று ஓர் அம்மாள் சத்தியம் செய்யாத குறையாகச் சொன்னார். எங்கள் வீட்டுக் குழாயும் ஒன்பது நாளாக வறண்டு கிடந்தது. எப்படியும் வரிசையில் நிற்கப்போகிறோம், இதையும் விசாரித்துவிடலாம் என்று போனேன்.

ஆளைப் பார்த்தால் அழுமூஞ்சி என்று சொல்ல முடியாது. ஐம்பத்து நான்கு வயது, அகன்ற தோள். தகராறு செய்பவனைத் தூக்கி வெளியே வைப்பதற்காகத்தான் இவரை இங்கே போட்டிருக்கிறார்கள் என்று நினைக்கவைக்கும் மீசை. அந்த மீசைதான் தொழிலுக்குப் பெரிய இடைஞ்சல் என்கிறார். "தண்ணி நேராக் கீழ விழாது சார். மீசையில தங்கிடும். அப்புறம் குனிஞ்சு எழுதறப்போ புகார் புத்தகத்துல சொட்டும், மை பரவிடும். எடுத்துடலாம்னா வீட்டுக்காரி விடமாட்டேங்கறா." கண்ணாடியில் பேசுவதற்கு விட்டிருக்கும் வட்டத் துளைக்கு நேரே காதைக் கொடுத்துக் கேட்பார். குறுக்கே பேசமாட்டார். "ம்" என்பார். ரொம்ப முடியாவிட்டால் "அடடா" என்பார். அதுவும் பக்கத்து ஜன்னலுக்குக் கேட்காது.

வெங்காயத்தைப் பற்றிக் கேட்டேன். கோபம் வரவில்லை. "எல்லாரும் கேக்கறாங்க. உள்ள வந்து பாத்துடுங்களேன்" என்று இழுப்பறையை முழுதாக உருவி மேஜைமேல் வைத்தார். பல் போன ஸ்டேப்ளர், சாப்பாட்டுக் கரண்டி, காலாவதியான பஸ் பாஸ், குண்டூசி டப்பா, ஒரு ரப்பர் முத்திரை, ஒரு சின்னக் குப்பி. வெங்காயம் இல்லை, தோல்கூட இல்லை. குப்பியை எடுத்து நீட்டினார். மருந்துக் கடையில் விற்கும் செயற்கைக் கண்ணீர். "அழறதுக்கு இல்ல சார். என் கண்ணு காயுதாம். நாளைக்கு நாலு வேளை. பன்னண்டு மணிக்கு ஒரு வேளை இங்கயே ஊத்திக்குவேன், செல்லுல அலாரம் வெச்சிருக்கேன். பாதி கன்னத்துல வழிஞ்சிடும். அந்த அம்மா அதத்தான் பாத்திருப்பாங்க." மணிக்கு ஆறு பேருக்காக அழுகிற மனிதருக்கு ஒரு டாக்டர் கண்ணீரை மருந்தாக எழுதிக் கொடுத்திருக்கிறார். நம்புவதற்குக் கொஞ்ச நேரம் பிடித்தது.

"நான் சொல்லச் சொன்னேன்னு சொல்லுங்க, எல்லாத்தையும் சொல்லுவாங்க" என்று அவரே வழி காட்டியதால் அந்தக் கண் டாக்டரைப் போய்ப் பார்த்தேன். அலுவலகத்திலிருந்து இரண்டு கட்டடம் தள்ளி மாடியில் இருக்கிறார். ஜன்னல்காரரின் பெயரைச் சொல்லும் முன்பே, மூன்றாம் ஜன்னல் என்றதும் சிரித்துவிட்டார்.

"கண்ணீர்ல மூணு வகை. அவருக்குப் புரியட்டும்னு மூணு பிரிவுன்னு சொல்லி வெச்சிருக்கேன். மொதல் பிரிவு தினசரி பராமரிப்பு, கண்ணு காயாம பாத்துக்கறது. ரெண்டாவது அவசரப் பிரிவு. தூசு, புகை, வெங்காயம். மூணாவதுதான் நீங்க கேக்கற அழுகை. மொதல் ரெண்டும் ஆடு மாட்டுக்கும் உண்டு. மூணாவது, தெரிஞ்ச வரைக்கும் மனுஷனுக்கு மட்டும்தான். இவருக்கு மொதல் பிரிவுல ஆள் பத்தல. மூணாவதுல ஓவர்டைம்."

"நிஜமாகவேவா?"

"சின்னக் காகித நாடாவ கீழ் இமைக்குள்ள மாட்டி அஞ்சு நிமிஷம் விட்டேன். நாலு மில்லிமீட்டர்கூட நனையல. சுத்தமான வறட்சி. அந்த நேரம் பாத்து எங்க ரிசப்ஷன் பொண்ணு உள்ள வந்து, 'மேடம், பாத்ரூம்ல தண்ணி நின்னு போச்சு, நான் கொஞ்சம் வீட்டுக்குப் போய்ட்டு வந்துடட்டுமா'ன்னு கேட்டா. நாடா முழுசும் நனைஞ்சு கீழ விழுந்துடுச்சு. டெஸ்ட்டத் திரும்ப எடுக்க வேண்டியதாப் போச்சு."

வெங்காயமா இல்லையா என்று கண்டுபிடிக்க அவர் ஒரு வழியும் சொன்னார். "வெங்காயத்துக்குக் கண்ணு மட்டும்தான் அழும். தொண்டை அடைக்காது. முகவாய் நடுங்காது. முகவாயப் பாத்துக்கிட்டே இருங்க."

மூன்று நாள் முகவாயைப் பார்த்தேன். முதலில் அது நடுங்குகிறது. பிறகு புருவங்களின் உள்முனை இரண்டும் மேலே ஏறுகின்றன. ஒருமுறை எச்சில் விழுங்குகிறார். இடது கண், அப்புறம் வலது கண். கடைசியில் மூக்கு. வெங்காயத்தைக் குற்றச்சாட்டிலிருந்து விடுவித்தேன்.

எது அவரை அழவைக்கும் என்பதுதான் வேடிக்கை. ஓர் அடுக்குமாடிச் சங்கத்தின் தலைவர் மூன்று பக்கத் தட்டச்சு மனுவோடு, நகல் யார் யாருக்கு என்ற பட்டியலோடு வந்து, உரக்கப் படித்தார். மூன்றாம் ஜன்னல் கொட்டாவியை அடக்கியது. படித்து முடித்துத் தாளை மடித்துக்கொண்டே தலைவர், "காலைல என் பொண்ணு பல்லு தேச்சா சார். வாய் கொப்பளிக்கத் தண்ணி இல்ல. நுரைய முழுங்கிட்டு ஸ்கூலுக்குப் போயிட்டா" என்றார். முகவாய் ஆட ஆரம்பித்துவிட்டது.

"பெருசாச் சொன்னா எனக்கு ஒண்ணும் ஆகாது சார்" என்று பிறகு விளக்கினார். "'பொதுமக்கள் பெரும் அவதி'ன்னு பேப்பர்ல போடற மாதிரி சொன்னா காதுல விழும், அவ்வளவுதான். இத்துனூண்டு ஒண்ணு சொன்னாப் போதும், கண்ணு முன்னால வந்து நின்னுடும். அந்தப் பொண்ணு வாய மூடிக்கிட்டு பஸ் ஏறுது பாருங்க."

ஆறு வருடத்துக்கு முன் அவர் இணைப்புப் பிரிவில் குழாய் அளவு குறித்துக்கொண்டிருந்தார். அப்போது புகார் ஜன்னலின் கண்ணாடி மாதம் ஒருமுறை உடையும். அங்கே இருந்த எழுத்தர் தலைக்கவசம் போட்டுக்கொண்டு உட்காருவார் என்று இரண்டாம் ஜன்னலில் பில் வசூலிக்கும் அம்மாள் சொல்கிறார். அந்த எழுத்தர் விடுப்பில் போன ஒரு நாள் இவரை மாற்றாக உட்காரவைத்தார்கள். ஒருவர் இரும்பு ஸ்டூலைத் தலைக்குமேல் தூக்கிக்கொண்டு, "கைக்குழந்தைக்குத் துணி அலசத் தண்ணி இல்லடா" என்று கத்தினார். இவர் அழுதார். ஸ்டூல் மெதுவாக இறங்கியது. தூக்கியவர் அதிலேயே உட்கார்ந்து, "என்ன சார், வீட்டுல ஏதாவது பிரச்சனையா?" என்று விசாரித்தார்.

கண்ணீரைப் பார்த்தவனுக்கு ஓங்கிய கை தாழும், உதவி செய்யத் தோன்றும் என்று ஆராய்ச்சிக்காரர்கள் பல நாடுகளில் மக்களுக்குப் படம் காட்டிக் கேள்வி கேட்டுக் கண்டுபிடித்திருக்கிறார்கள். இந்த அலுவலகத்தின் மேலதிகாரி அதை மாடியிலிருந்து கண்காணிப்புத் திரையில் பார்த்து நாற்பது நொடியில் கண்டுபிடித்தார். ஆராய்ச்சிக்காரர்கள் கட்டுரை எழுதினார்கள். இவர் ரப்பர் முத்திரை செய்யச் சொன்னார்.

'ஆறுதல் கூறப்பட்டது' என்பது அந்த முத்திரை. புகார்ப் புத்தகத்தில் சீட்டின் கடைசிக் கட்டத்தில் அது விழுந்தால் புகார் முடிந்தது. முத்திரை விழாத சீட்டு அன்று மாலையே மாடிக்கு, வால்வுப் பிரிவுக்குப் போகவேண்டும். மறுநாளே ஆள் போய்ப் பார்க்கவேண்டும். அது பழைய விதி, யாரும் ரத்து செய்யவில்லை. தேவைப்படவில்லை, அவ்வளவுதான். ஆறு வருடத்தில் மூன்றாம் ஜன்னலின் சீட்டு ஒன்றுகூட மாடி ஏறியதில்லை. ஆண்டறிக்கையில் நூற்றுக்கு நூறு புகார்களும் தீர்க்கப்பட்டவை. மேலதிகாரிக்குக் கேடயம் கொடுத்தார்கள். அந்த உற்சாகத்தில் மற்ற ஜன்னல்காரர்களுக்கும் இரண்டு நாள் பயிற்சி நடந்தது. ஐந்தாம் ஜன்னல் இளைஞர் எவ்வளவோ முயன்றும் அவருக்கு விக்கல்தான் வந்தது. வரிசையில் நின்ற ஒரு பெரியவர் தன் பாட்டிலை நீட்டி, "தண்ணி குடிங்க தம்பி" என்றார். அந்த அலுவலகத்தில் அன்றைக்கு விநியோகமான தண்ணீர் அதுதான்.

என் சீட்டிலும் அதே முத்திரை விழுந்தது. திருப்தியாக வீட்டுக்கு வந்தேன். குழாயைத் திருகி, காற்று வந்தபோதுதான் எதற்காகப் போனேன் என்பதே நினைவுக்கு வந்தது. அப்போதும் அவர்மேல் கோபம் வரவில்லை.

அழுதால் மனசு லேசாகும் என்று சொல்கிறோம். ஆய்வுக்கூடத்தில் சோகப்படம் போட்டு அழவைத்துப் பார்த்தால், அழுதவர்கள் உடனே லேசாகிவிடுவதில்லையாம். முன்பைவிடக் கனத்துப்போய்த்தான் உட்கார்ந்திருக்கிறார்கள். தெளிய ஒன்றரை மணி நேரம் போல ஆகிறது. மூன்றாம் ஜன்னலில் அந்தச் சிக்கலுக்கும் ஏற்பாடு இருக்கிறது. கனம் கண்ணாடிக்கு உள்ளே, லேசு கண்ணாடிக்கு வெளியே.

"ஊருக்கெல்லாம் அழுவாரு" என்று இரண்டாம் ஜன்னல் அம்மாள் சில்லறை எண்ணிக்கொண்டே குரலைத் தாழ்த்தினார். "சொந்த அண்ணன் போனப்போ ஒரு சொட்டு வரலையே. கேட்டுப் பாருங்க."

டீ குடிக்கப் போனபோது கேட்டேன். மறைக்கவில்லை.

"அண்ணி எங்க வீட்டுக்கு வந்தப்போ எனக்கு ஒம்பது வயசு சார். அம்மா இல்ல. ஸ்கூல்ல கையெழுத்து போடறதுல இருந்து, காய்ச்சல் வந்தா பக்கத்துல முழிச்சிருக்கறது வரைக்கும் அவங்கதான். ரெண்டு வருஷத்துக்கு முன்னாடி அண்ணன் ஆஸ்பத்திரியில போயிட்டாரு. நான்தான் பேப்பர்ல எல்லாம் கையெழுத்து போட்டேன். வண்டி பேசினேன். நாற்காலி எறக்கினேன். எண்பது நாற்காலி. மூணு கால் உடைஞ்சது, அத எண்ணித் தனியா வெச்சேன். வந்தவங்க யாரும் அண்ணனப் பாக்கல சார். என்னத்தான் பாத்தாங்க, எப்ப ஆரம்பிப்பான்னு. சித்தப்பா பக்கத்துலயே துண்டோட ரெடியா நின்னாரு. ஒண்ணும் வரல."

கூட்டம் கலைந்தபின் அண்ணி ஒரே ஒரு வாக்கியம் சொன்னாராம். "ஊரான் வீட்டுக் குழாய்க்கு அழுவீங்க. உங்க அண்ணனுக்கு ஒரு சொட்டு பாக்கி வெச்சுட்டீங்க."

அன்றிலிருந்து ஞாயிறுதோறும் அந்த வீட்டுக்குப் போகிறார். கதவு திறந்திருக்கும். இவர் செருப்பைக் கழற்றும் சத்தம் கேட்டதும் அண்ணி எழுந்து உள் அறைக்குப் போய்விடுவார். கூடத்தில் பத்து நிமிடம் நின்றுவிட்டுத் திரும்புவார். அந்த வீட்டுச் சமையலறைத் தரையில் மறுபடி ஒரு வேளை உட்கார்ந்து சாப்பிட்டால் போதும். மேலதிகாரி வாங்கிய கேடயமெல்லாம் அவருக்குப் பொருட்டில்லை.

ஏன் வரவில்லை என்று டாக்டரிடம் கேட்டிருக்கிறார். "ஓடிக்கிட்டே இருக்கற உடம்பு அழ விடாது. எல்லாம் அடங்கி, கூட ஒருத்தர் உக்காந்தா அப்பத்தான் இறங்கும். நீங்க இன்னும் நாற்காலி எண்ணிக்கிட்டே இருக்கீங்க" என்றாராம் அவர். "டாக்டர் சொல்றது சரிதான் சார். ஆனா அத நான் போய் அண்ணிகிட்ட சொன்னா, கடன்காரன் சாக்கு சொல்ற மாதிரி இருக்காதா?" என்று டம்ளரைக் கழுவி வைத்தார்.

அடுத்த செவ்வாய்க்கிழமை அண்ணி வரிசையில் வந்து நின்றார்.

கையில் நாற்பத்தொன்றாம் டோக்கன். இவர் நிமிர்ந்து பார்த்தபோது ஜன்னலில் முப்பத்தெட்டு. அந்த நொடியோடு முகவாய் நின்றுபோனது. முப்பத்தெட்டு, உடம்பு முடியாத மாமியாரின் படுக்கை விரிப்பைப் பற்றிச் சொன்னார். ஈரம் எட்டிப் பார்க்கவில்லை. முப்பத்தொன்பது, மீன்தொட்டியில் இருந்த மீனை அடுத்த வீட்டில் விட்டுவந்த கதையைச் சொன்னார். வழக்கமாக இரண்டு கைக்குட்டை நனையும் விஷயம். ஒன்றுமில்லை. நாற்பதாவது ஆளுக்குப் பொறுக்கவில்லை. "எனக்கு மட்டும் என்ன சார் குறைச்சல்? நேத்து எங்க மச்சானுக்கு அப்படி அழுதீங்களாம்."

நாற்பத்தொன்று.

"அண்ணி" என்றார்.

"புகார் எழுதிக்குங்க சார்" என்றார் அண்ணி. "பன்னண்டு நாளாத் தண்ணி இல்ல. தெரு பேரு உங்களுக்கே தெரியும்."

"வேற ஏதாவது சொல்லணுமா?"

"உங்க அண்ணன் வெச்ச எலுமிச்சைச் செடி காயுது. சொன்னா அழுவீங்களாமே. அதுக்காகச் சொல்லல. கேட்டீங்க, சொன்னேன்."

நான் முகவாயைப் பார்த்தேன். கல் மாதிரி இருந்தது. எழுதினார். எழுத்துகூடக் கலையவில்லை. சீட்டின் நகலைக் கிழித்துக் கொடுத்தார். அண்ணி வாங்கிக்கொண்டு அவர் கண்களையே கொஞ்ச நேரம் பார்த்துவிட்டுப் போனார்.

முப்பத்தெட்டிலிருந்து நாற்பத்தொன்று வரை நான்கு சீட்டிலும் முத்திரை விழவில்லை. "அழாம குத்தினா அது பொய் ரெக்கார்டு சார்" என்றார். அதனால் விதிப்படி நான்கும் மாடி ஏறின. வால்வுப் பிரிவில் இருந்தவர் ஆறு வருடத்துக்குப் பிறகு மேஜை துடைத்து, சாவிக் கம்பியைத் தேடி எடுத்து, மறுநாள் நான்கு தெருவுக்கும் போனார். சாலை போட்டவர்கள் மூடிய வால்வை யாரும் திறக்கவில்லை, வேறொன்றுமில்லை. மதியத்துக்குள் நான்கு வீட்டிலும் தண்ணீர்.

நாற்பதாவது ஆள் சும்மா இருப்பவரா? புதன் இரவுக்குள் ஊர் முழுக்கத் தெரிந்துவிட்டது: மூணாம் ஜன்னல் அழுதால் தண்ணி வராது, அழாவிட்டால் வரும்.

வியாழக்கிழமை வரிசை தெருவரை நின்றது. யாரும் குழந்தையைப் பற்றிப் பேசவில்லை, மீனைப் பற்றிப் பேசவில்லை. ஒருவர் ஜன்னலுக்கு வந்ததும் கையெடுத்துக் கும்பிட்டு, "சார், எனக்கு மட்டும் அழுதுடாதீங்க சார். புள்ளகுட்டிக்காரன்" என்றார். பிள்ளைகுட்டி என்றதும் முகவாய் அசைய, பின்னால் நின்றவர்கள் அவர் வாயைப் பொத்தினார்கள். மற்றவர்கள் முன்கூட்டியே தயாராக வந்திருந்தார்கள். "பொதுமக்கள் பெரும் அவதி" என்றார் ஒரு பெண், செய்தி வாசிப்பது போல. "அத்தியாவசியச் சேவையில் மெத்தனம்" என்றார் அடுத்தவர். மூன்றாம் ஜன்னல் உலர்ந்த கண்ணோடு எழுதித் தள்ளியது. அறுபத்தேழு சீட்டு மாடி ஏறியது. அதில் என்னுடையதும் ஒன்று. நான் "நகர்ப்புறக் கட்டமைப்பு" என்றேன்.

வெள்ளிக்கிழமை காலை மேலதிகாரியிடமிருந்து ஓலை வந்தது. மூன்றாம் ஜன்னலில் உரிய உணர்வு வெளிப்படுத்தப்படாததற்கான காரணத்தை மூன்று தினங்களுக்குள் எழுத்துமூலம் விளக்கவேண்டும். "என்ன எழுதறது சார்?" என்று என்னிடம் காட்டினார். "கண்ணு வறட்சிக்கு டாக்டர் சர்ட்டிபிகேட் இருக்கு. அத வெச்சுடட்டுமா?"

நான் யோசிப்பதற்குள் ஜன்னலில் அண்ணி. தண்ணீர் வந்தபின் புகார்தாரரே நேரில் வந்து 'குறை தீர்ந்தது' என்ற இடத்தில் கையெழுத்துப் போடவேண்டும் என்பதும் அந்தப் பழைய விதியில் இருக்கிறது. யாருக்கும் நினைவில்லாத வரி அது. அண்ணி சீட்டின் பின்பக்கத்தைப் படித்திருக்கிறார்.

"தண்ணி வருதா அண்ணி?"

"வருது."

"செடி?"

"ஊத்தினேன். பாக்கலாம்." கையெழுத்துப் போட்டுப் பேனாவைத் துளை வழியாக உள்ளே தள்ளினார். "இது தண்ணிக்குப் போட்ட கையெழுத்து. அந்த ஒரு சொட்டு அப்படியேதான் இருக்கு."

"தெரியும் அண்ணி."

"ஞாயித்துக்கெழம வருவீங்கல்ல?"

"வருவேன்."

"வந்தா கூடத்துலயே நிக்காதீங்க. உக்காருங்க."

அண்ணி திரும்பும்போது செல்பேசியில் பன்னிரண்டு மணி அலாரம் அடித்தது. மூன்றாம் ஜன்னல்காரர் அதை அணைத்தார். காலையிலிருந்து முப்பது சீட்டு எழுதிய கண்கள் சிவந்து எரிந்துகொண்டிருந்தன. இழுப்பறையிலிருந்து குப்பியை எடுத்து, மூடியைத் திருகித் திறந்தார். பிறகு அண்ணி போகும் திசையைப் பார்த்தார். பாதி கன்னத்தில் வழிந்துவிடும். மறுபடி மூடினார். மேஜைக்கு அடியில் அதைக் கைக்குள் இறுக்கிப் பிடித்தபடி, இமைகளைச் சிமிட்டிச் சிமிட்டி, அண்ணி படியிறங்கி, சைக்கிள் நிறுத்தும் கொட்டகையைக் கடந்து, கேட்டுக்கு வெளியே குடை விரிக்கும்வரை, மூடிய கையைத் திறக்கவேயில்லை.